மேல்வாசலும் கீழ்வாசலும்: சென்னை மாகாணத்தில் டாக்டர் படிப்பு

சென்னையில் மேல்நாட்டு மருத்துவப் படிப்பு பட்டாளத்தின் தேவையால் பிறந்தது. நோயில் விழுந்த சிப்பாய்களைக் கவனிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஒரு சிறு ஆஸ்பத்திரி வைத்தது. அது இடம் மாறி, 1772-ல் இன்றிருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. பின்னாளில் சென்ட்ரல் ரயில் நிலையம் எழும்பியது அதற்கு எதிரில்தான். ஊர் வாயில் பெரியாஸ்பத்திரி என்றும் ஜி.எச். என்றும் வழங்கும் அந்த வளாகத்தை ஒட்டியே மாகாணத்தின் மருத்துவக் கல்வியும் வளர்ந்தது.

கம்பெனியின் சர்ஜன்கள் கப்பலேறி வந்தவர்கள். அவர்களுக்குச் சம்பளம் அதிகம், எண்ணிக்கையோ குறைவு. அந்தக் கொஞ்சம் பேரிலும் பலர் காய்ச்சலிலும் பேதியிலும் போய்ச் சேர்ந்தார்கள். படை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நகரும்போது சர்ஜனுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்ய வேண்டியிருந்தது. கல்வத்தில் மருந்து அரைக்க வேண்டும், மாத்திரை உருட்ட வேண்டும், துணியில் களிம்பு தடவிப் பிளாஸ்திரி போட வேண்டும், புண் கழுவிக் கட்ட வேண்டும். இரவில் நோயாளி முனகினால் எழுந்து பார்க்கவும் ஆள் வேண்டும். இதற்கெல்லாம் இங்கிலாந்திலிருந்து ஆள் வரவழைத்துக் கட்டுப்படியாகாது. ஆகவே உள்ளூர்ப் பையன்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு, பார்த்துப் பழகும்படி விட்டார்கள். ஐரோப்பியத் தகப்பனுக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த பையன்கள் அப்போதிகரி ஆனார்கள், இந்தியப் பையன்கள் டிரஸ்ஸர் ஆனார்கள். கற்றுக்கொண்டது ஏறக்குறைய ஒரே வேலையானாலும் பதவிப் பெயரும் சம்பளமும் பிறப்பைப் பார்த்தே அமைந்தன. இந்த இரட்டைத் தரம் வெவ்வேறு பெயர்களில் இன்னும் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. மாகாணத்து மருத்துவப் படிப்பின் வரலாறு பெருமளவுக்கு அந்தத் தர வேறுபாட்டின் வரலாறுதான்.

பார்த்துப் பழகும் ஏற்பாடு 1835 பிப்ரவரி 2 அன்று முறையான பள்ளியாயிற்று. ஆளுநர் சர் பிரெடரிக் ஆடம் அதற்கு அரசின் ஆதரவைக் கொடுத்தார். சர்ஜன் வில்லியம் மார்ட்டிமர் பொறுப்பேற்றார். அதற்குச் சில நாட்கள் முன்னர்தான், ஜனவரி 28 அன்று, கல்கத்தா மருத்துவக் கல்லூரி பிறந்திருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பிறந்த அக்கா தங்கை என்று எழுதுவது வழக்கம். ஆனால் கல்கத்தாவில் அமைந்தது கல்லூரி, சென்னையில் அமைந்தது பள்ளி. கல்கத்தாவில் பெண்டிங்க் பிரபுவின் குழு ஒன்று கூடி, இந்தியர்களுக்கு ஆங்கிலத்திலேயே முழு மருத்துவமும் சொல்லித் தருவது என்று முடிவெடுத்திருந்தது. மறு ஆண்டு மதுசூதன் குப்தா அங்கே பிணத்தை அறுத்துப் பாடம் நடத்தியதை ஒரு யுகத் திருப்பமாகக் கொண்டாடினார்கள். சென்னைப் பள்ளிக்கு அப்படிப்பட்ட லட்சியம் எதுவும் கிடையாது. படைக்கு அப்போதிகரிகளும் டிரஸ்ஸர்களும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

நாளடைவில் பாடத்திட்டம் பெருத்தது. சம்பளப் படிப்பாக இல்லாமல், படித்துவிட்டுத் தனியாகத் தொழில் செய்ய விரும்பியவர்களும் வந்து சேர்ந்தார்கள். 1850-ல் பள்ளி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. 1852-ல் முதல் அணி தேர்ச்சி பெற்று வெளியே வந்தது. அப்போது சென்னையில் பல்கலைக்கழகம் கிடையாது, எனவே கல்லூரி தானே டிப்ளமா வழங்கியது. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்ட பிறகுதான் மருத்துவத்துக்குப் பட்டம் என்ற பேச்சு வந்தது. எம்.பி. அண்டு சி.எம். என்பது பட்டம், அதற்குமேல் எம்.டி., சற்றே கீழே எல்.எம்.எஸ். என்று படிகள் அமைந்தன. ஆனால் அன்றைய பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்தது, தாள் திருத்தியது, பட்டம் கொடுத்தது. உடற்கூறும் மருந்தியலும் பிரசவமும் கற்றுக்கொடுத்தது கல்லூரியும் அதை ஒட்டிய வார்டுகளும்தான்.

கல்லூரிக்குள்ளேயும் எல்லாரும் ஒரே வரிசையில் உட்காரவில்லை. சீனியர் பிரிவு பட்டத்துக்குப் படித்தது. இரண்டாவது பிரிவு ராணுவ அப்போதிகரிகளுக்கானது, அதில் பெரும்பாலோர் ஐரோப்பிய-இந்தியக் கலப்பில் பிறந்த யூரேசியர். மூன்றாவது பிரிவில் ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட் வேலைக்குப் போகும் இந்தியப் பையன்கள் இருந்தார்கள். ஒரே கட்டடத்தில், ஒரே ஆசிரியர்களிடம் படித்தார்கள். ஒருவர் வெளியே போகும்போது டாக்டர், மற்றவர் வெளியே போகும்போது டாக்டருக்கு உதவியாள். இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், தாலுகா ஊர்களின் டிஸ்பென்சரியில் அந்த உதவியாளுக்கு மேலே டாக்டர் என்று ஒருவரும் இருக்கமாட்டார். காலரா வந்தால் அவர்தான் பார்க்க வேண்டும், அம்மை குத்துவதையும் அவர்தான் கவனிக்க வேண்டும், கொலை நடந்தால் பிணப் பரிசோதனையும் அவர் தலையில்தான் விழும்.

பட்டம் வாங்கியவர்களுக்கும் மேலே ஏற முடியாத ஒரு கூரை இருந்தது. பேராசிரியர், பிரின்சிபால், மாவட்ட சர்ஜன் ஆகிய பதவிகளை இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் என்ற ஐ.எம்.எஸ். கையில் வைத்திருந்தது. 1855 முதல் அதற்குப் போட்டித் தேர்வு நடந்தது. அந்தத் தேர்வை இந்தியரும் எழுதலாம் என்றாலும், எழுத லண்டனுக்குப் போக வேண்டும். கடல் கடந்தால் சாதி போகும் என்ற அச்சம் ஒருபுறம், கப்பல் கட்டணம் மறுபுறம். அந்த ஆண்டே வங்காளத்து சூர்ஜ குமார் சக்ரவர்த்தி தேர்வில் வென்று வந்தார். ஆனாலும் நெடுங்காலம் இந்தியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே அந்தப் பணிக்குள் நுழைந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி தன் முதல் இந்திய பிரின்சிபாலைக் கண்டது 1939-ல்தான். அவர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். பள்ளி தொடங்கி நூற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சென்னையில் மேலிருந்து கீழ்வரை எல்லாமே அரசு வேலையைச் சுற்றி நடந்துகொண்டிருக்க, கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் முற்றிலும் வேறு மாதிரியான முயற்சி ஒன்று நடந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847-ல் இலங்கைக்கு வந்து, மறு ஆண்டே மாணவர்களுக்கு மருத்துவம் சொல்லித் தரத் தொடங்கினார். மானிப்பாயில் அவர் நடத்திய வகுப்பு முதலில் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் படித்த பையன்கள் பட்டணத்துச் சம்பளத்தைத் தேடிப் போய்விடுகிறார்கள், கிராமத்தில் தங்குவதில்லை என்று கண்ட பிறகு பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். பாடத்துக்குப் புத்தகம் வேண்டுமே! மாணவர்களை வைத்துக்கொண்டே ஆங்கில மருத்துவ நூல்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார். கிரேயின் உடற்கூற்று நூல்கூட 1872-ல் தமிழில் அச்சாகியது. அவரிடம் படித்துத் தேறியவர்கள் அறுபதுக்கு மேல். 1873-ல் அவர் ஊர் திரும்பினார், 1884-ல் காலமானார். மானிப்பாயின் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. அவர்களுடைய படிப்பு சென்னையின் சீனியர் பிரிவுக்கு எவ்வளவு குறைந்தது என்று கேட்டால், பாடநூல் பட்டியலைப் பார்த்த எவரும் பதில் சொல்லத் தயங்குவார்கள். ஆனாலும் அந்த வழி அவருக்குப் பின் வேரூன்றவில்லை. அரசு வேலையும் பட்டமும் ஆங்கிலத்தோடு பிணைந்துவிட்ட காலத்தில், தமிழில் படித்த டாக்டருக்குச் சந்தையில் மதிப்புக் குறைந்தது.

பெண்கள் மருத்துவப் படிப்புக்குள் வந்த வழியும் இந்தத் தர வேறுபாட்டோடு தொடர்புடையது. சென்னை அரசு 1854-ல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கியிருந்தது. பிரசவ ஆஸ்பத்திரி அதற்கும் பத்து ஆண்டு மூத்தது. மருத்துவச்சி ஆவதற்குப் பெண்ணை அனுமதித்த சமூகம், டாக்டர் ஆவதற்கு அனுமதிக்குமா என்பதுதான் கேள்வி. சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்பர் அனுமதிக்கலாம் என்றார். சென்னை மியூசியத்தைத் தொடங்கி வைத்தவரும் இவர்தான். இந்தியாவைப் பற்றிப் பெரிய கலைக்களஞ்சியம் தொகுத்தவரும் இவர்தான். வைத்தியன் எட்டிப் பார்க்க முடியாத அந்தப்புரங்களில் பெண்கள் சிகிச்சை இல்லாமல் சாகிறார்கள் என்பது அவருடைய வாதம். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. நால்வரும் ஐரோப்பிய, யூரேசியக் குடும்பத்தார். மூன்றாண்டுப் படிப்பு, முடிவில் சான்றிதழ். பட்டம் இல்லை.

பிரிட்டனில் அன்றைக்கு நிலைமை இதைவிட மோசம். எடின்பரோவில் படிக்க வந்த பெண்களை 1870-ல் ஆண் மாணவர்கள் வாசலில் மறித்துச் சேற்றை வீசினார்கள். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தரச் சம்மதித்தது 1878-ல். குடியேற்ற நாட்டுத் துறைமுக நகரம் ஒன்று இதில் தாய்நாட்டை முந்திக்கொண்டது தற்செயலல்ல. சென்னையில் சான்றிதழ் மட்டும் கேட்ட பெண்கள் யாருடைய பதவிக்கும் போட்டியாக வரவில்லை. பர்தாவுக்குள் போய்ப் பார்க்கும் வேலையை ஆண் டாக்டர்கள் செய்யவும் முடியாது. அந்த இடைவெளி வழியாகத்தான் அவர்கள் உள்ளே போனார்கள்.

அந்த நால்வரில் பெயர் நிலைத்தவர் மேரி ஷார்லீப். சென்னையில் பாரிஸ்டராக இருந்த வில்லியம் ஷார்லீபின் மனைவி, குழந்தைகளுக்குத் தாய். 1878-ல் சென்னைப் படிப்பை முடித்து, அந்தச் சான்றிதழோடு நின்றுவிடாமல் லண்டனுக்குப் போய்ப் பெண்கள் மருத்துவப் பள்ளியில் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். 1882-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.பி. பட்டமும், பிரசவ மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் பெற்றார். மறு ஆண்டு சென்னைக்குத் திரும்பி வந்தார். 1885-ல் அவருடைய முயற்சியில் சாதி இந்துப் பெண்களுக்கும் பர்தாவில் இருந்த கோஷாப் பெண்களுக்குமாக விக்டோரியா ஆஸ்பத்திரி தொடங்கியது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். பழைய ஆட்கள் இன்னும் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள்.

இந்தியப் பெண்கள் அடுத்து வந்தார்கள். கிருபாபாய் சத்தியநாதன் 1878-ல் கல்லூரியில் சேர்ந்து முதல் ஆண்டில் நன்றாகத் தேறினார். உடல்நிலை இடம் கொடுக்காததால் படிப்பை விட்டுவிட்டு நாவலாசிரியர் ஆனார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்ததால், வங்காளத்திலிருந்து அபலா தாஸ் 1882-ல் உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்தார். அவருக்கும் உடல்நலக் குறைவு, படிப்பு முடியவில்லை. விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸை மணந்து அபலா போஸ் என்ற பெயரில் பெண் கல்விக்குப் பாடுபட்டார். இருவருக்கும் உடம்பு கெட்டது வெறும் தற்செயலாக இருக்க முடியாது. வீட்டை விட்டு வந்து, தங்க முறையான விடுதி இல்லாமல், நாள் முழுதும் பிணவறையிலும் வார்டிலும் நிற்க வேண்டிய படிப்பு அது.

புதுக்கோட்டையிலிருந்து 1907-ல் வந்து சேர்ந்த முத்துலட்சுமி இவர்களை விட ஒருவகையில் கடினமான பாதையைக் கடந்தார். தந்தை நாராயணசுவாமி அய்யர் கல்லூரி முதல்வர், தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். சொந்த ஊரில் பையன்கள் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது புதுக்கோட்டை மன்னரே தலையிட்டு இடம் கொடுத்தார், உதவித்தொகையும் தந்தார். 1912-ல் சிறப்பாகத் தேறி எம்.பி. அண்டு சி.எம். பட்டம் பெற்றார். சான்றிதழுக்கும் பட்டத்துக்கும் நடுவே பெண்களுக்கென்று போடப்பட்டிருந்த வேலி அதற்குள் நகர்ந்துவிட்டது என்பதற்கு அவரே சாட்சி. பின்னாளில் அவர் சட்ட மேலவைக்குப் போனதும், அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை கண்டதும் பலரும் அறிந்தவை.

இதற்கிடையில் கீழ்த்தரப் படிப்பு கல்லூரியை விட்டுத் தனிக் கட்டடத்துக்குப் போயிருந்தது. ராயபுரத்தில் மணியக்காரர் சத்திரம் என்று ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம். அதனால் கஞ்சித்தொட்டி என்றும் பெயர். பசியோடு வந்தவர்களில் பாதிப் பேர் நோயோடும் வந்ததால், கஞ்சி வார்த்த இடம் தானாகவே ஏழைகள் ஆஸ்பத்திரியாகியது. அதை ஒட்டி வளர்ந்த ராயபுரம் மருத்துவப் பள்ளி ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட்களைத் தயாரித்தது. 1910-ல் அவர்களுக்குச் சப் அசிஸ்டென்ட் சர்ஜன் என்று பெயர் மாறியது. பெயரில் சர்ஜன் வந்தது, சம்பளத்தில் அவ்வளவாக வரவில்லை. தஞ்சாவூரிலும் ஒரு மருத்துவப் பள்ளி நடந்தது. 1880-ல் கட்டப்பட்ட ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி அதன் மாணவர்களுக்குப் பயிற்சிக்களம். பள்ளிகளில் நான்காண்டு படித்துத் தேறியவர்களுக்கு எல்.எம்.பி. என்ற டிப்ளமா கிடைத்தது.

அந்த மூன்றெழுத்துத்தான் மாகாணத்தின் சிறு ஊர்களை இரண்டு மூன்று தலைமுறைக்குக் காப்பாற்றியது. எல்.எம்.பி. டாக்டரின் கிளினிக் பெரும்பாலும் கடைத்தெருவில் ஒரு முன்னறை. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, தடுப்புக்குப் பின்னால் கம்பவுண்டர். நோயாளி வரும்போதே கழுவிய பாட்டில் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். டாக்டர் நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுச் சீட்டெழுதுவார். கம்பவுண்டர் பெரிய ஜாடிகளிலிருந்து அளந்து ஊற்றிக் கலக்கி மிக்ஸ்சர் தயாரிப்பார். வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, நீளக் காகிதத் துண்டை மடித்து விளிம்பில் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கவாட்டில் பசை தடவி ஒட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல் வரை குடித்தால் கணக்குத் தப்பாது. பட்டதாரி டாக்டரின் கட்டணம் கட்டாதவர்கள், பட்டதாரி டாக்டரையே பார்க்காதவர்கள் இங்கேதான் வந்தார்கள். பணமில்லாதவர் நெல்லோ காய்கறியோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவதும் உண்டு.

எல்.எம்.பி. படிப்பைத் தாழ்வாகப் பார்த்த காலத்தில், அதையே ஒரு கருவியாக எடுத்துக்கொண்டவர் வேலூரின் ஐடா ஸ்கட்டர். மிஷனரிக் குடும்பத்தில் இங்கே பிறந்து, அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் படிப்பை முடித்து, 1900-ல் திரும்பியவர். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியபோது, பெண்கள் படிக்க வருவார்களா என்று அதிகாரிகளுக்கே நம்பிக்கையில்லை. 1922-ல் அரசுத் தேர்வு எழுதிய அவருடைய முதல் அணிப் பெண்கள் அனைவரும் தேறினார்கள். ஆண்களுக்கான பள்ளிகளிலிருந்து எழுதியவர்களில் கணிசமானோர் தவறிய தேர்வு அது. பட்டப்படிப்பு என்றால் அதற்கு வேண்டிய ஆய்வகம், பேராசிரியர், பணம் எதுவும் அன்று அவரிடம் இல்லை. பள்ளி என்பதால்தான் அவரால் தொடங்க முடிந்தது.

யார் டாக்டர் என்ற கேள்வி சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்தது இதே காலத்தில்தான். 1914-ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம், மேல்நாட்டு மருத்துவம் படித்தவர்களுக்கு ஒரு பதிவேட்டை உண்டாக்கியது. எல்.எம்.பி.க்கும் அதில் இடம் இருந்தது. சித்த வைத்தியர்களுக்கும் ஆயுர்வேதக்காரர்களுக்கும் யுனானி ஹக்கீம்களுக்கும் இடமில்லை. ஊர் முழுக்க அவர்களிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை. அந்தக் குமுறலுக்குப் பதிலாக நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது, 1923-ல் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. அதன் முதல் தலைவர் ஜி. சீனிவாசமூர்த்தி மேல்நாட்டு மருத்துவத்தில் பட்டம் பெற்றவர். சித்த வைத்தியமும் உடற்கூறும் ஒரே மாணவருக்குச் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. வாசலில் எதிர்ப்பவர் இரு தரப்பிலும் இருந்தார்கள். ஓலைச்சுவடி வைத்தியர்கள் கலப்படம் என்றார்கள், அலோபதிக்காரர்கள் அரைகுறை என்றார்கள். கலப்புப் படிப்பு பல பெயர்களில் நடந்து, கடைசியில் 1960-ல் அந்தப் பள்ளி நடந்த கீழ்ப்பாக்கம் வளாகம் எம்.பி.பி.எஸ். கல்லூரியானது.

இந்தியப் பட்டங்களின் மதிப்பு லண்டனில் தீர்மானமாகிக்கொண்டிருந்தது இன்னொரு சிக்கல். பிரிட்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் 1892 முதல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களை ஏற்றுவந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு, இந்தியக் கல்லூரிகளில் பிரசவப் பயிற்சி போதவில்லை என்று குறை சொல்லத் தொடங்கியது. மாணவர் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிரசவம் பார்த்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆண் மாணவர் பிரசவ அறைக்குள் வருவதை இந்தியத் தாய்மார்கள் விரும்பவில்லை என்பது இங்குள்ள நிலை. பேச்சு நீண்டு, 1930-ல் கவுன்சில் எல்லா இந்தியப் பட்டங்களுக்கும் அங்கீகாரத்தை நிறுத்தியது. அந்த அவமானத்தின் விளைவாக 1933-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் பிறந்தது. சுயமரியாதையின் வெற்றி என்று இதைச் சொல்வார்கள். ஆனால் புதிய கவுன்சில் பல்கலைக்கழகப் பட்டதாரிகளை மட்டுமே தன் வரம்புக்குள் எடுத்துக்கொண்டது. எண்ணிக்கையில் அதிகமாயிருந்த எல்.எம்.பி.க்களை வெளியே நிறுத்தியது. லண்டன் செய்ததை டெல்லி தனக்குக் கீழே உள்ளவர்களுக்குச் செய்தது என்று அவர்கள் கசந்துகொண்டதில் நியாயம் இருந்தது.

அதன் பிறகு எல்.எம்.பி. படிப்பின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. ராயபுரத்தில் 1933-ல் ஐந்தாண்டு டிப்ளமாப் படிப்பு தொடங்கியது. பள்ளிக்கு ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் சூட்டப்பட்டது. 1938 ஜூலையில் ஸ்டான்லி, பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. அப்போது ராஜாஜியின் அமைச்சரவையில் சுகாதாரம் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வசம் இருந்தது. ஸ்ரீரங்கத்துக்காரரான அவர் படித்ததே ராயபுரம் மருத்துவப் பள்ளியில்தான். ரங்கூனில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்துக்குப் போய் எம்.ஆர்.சி.எஸ். பெற்றவர். கீழ்வாசல் வழியாக வந்தவர் ஒருவரின் பொறுப்பில்தான் அந்தக் கீழ்வாசல் மூடப்பட்டது.

வேலூருக்கு இது பெரிய நெருக்கடி. பள்ளி கல்லூரியாக வேண்டும், இல்லையேல் மூட வேண்டும். பட்டப்படிப்புக்குக் கூடுதல் படுக்கைகளும் தகுதியுள்ள பேராசிரியர்களும் தேவைப்பட்டனர். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஐடா ஸ்கட்டர் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் மற்ற மிஷன்களும் பங்கு தரும் என்ற யோசனை வந்தபோது, பெண்களுக்கென்று கொடுத்த பணம் என்று பழைய நன்கொடையாளர்கள் கடிந்துகொண்டார்கள். முடிவில் 1942-ல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது, 1947-ல் ஆண்கள் சேர்ந்தார்கள். இடையில் 1946-ல் அங்கே நர்சிங்குக்குப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பும் ஆரம்பமாயிற்று. நர்சு வேலைக்குப் பட்டமா என்று கேட்டவர்கள் நிறையப் பேர்.

சென்னை செய்துவிட்டதை நாடு முழுவதற்கும் விதியாக்கியது போர் குழு. சர் ஜோசப் போர் தலைமையில் 1943-ல் அமைந்து 1946-ல் அறிக்கை தந்த அந்தக் குழுவில் லட்சுமணசுவாமி முதலியாரும் உறுப்பினர். டாக்டர் என்றால் ஒரே தரம், ஒரே படிப்பு என்று குழு சொன்னது. அப்போது இந்தியாவில் பட்டதாரி டாக்டர்கள் சுமார் 18,000 பேர், எல்.எம்.பி. போன்ற டிப்ளமாக்காரர்கள் சுமார் 30,000 பேர். இருக்கிற டாக்டர்களில் பெரும்பான்மையைத் தந்த படிப்பை நிறுத்தினால் கிராமத்துக்கு யார் போவார்கள் என்று குழுவுக்குள்ளேயே சிலர் மாற்றுக் கருத்து எழுதினார்கள். அந்தக் கேள்விக்கு அன்று திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஏற்கெனவே எல்.எம்.பி. முடித்தவர்கள் கல்லூரிக்கு வந்து சுருக்கப் படிப்பு படித்து எம்.பி.பி.எஸ். ஆகலாம் என்று வழி செய்தார்கள். நாற்பது வயதுக்காரர்கள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு இருபது வயதுப் பையன்களோடு வார்டில் நின்றார்கள். வர முடியாதவர்கள் பலகையில் எல்.எம்.பி. என்ற எழுத்தோடே கடைசி வரை தொழில் செய்தார்கள்.

வாசல் ஒன்றான பிறகு, அதில் நுழைவது யார் என்பது பெரிய சண்டையாயிற்று. எம்.பி.பி.எஸ். மட்டுமே டாக்டர் ஆவதற்கு வழி என்றால் ஒவ்வோர் இடத்துக்கும் மதிப்பு ஏறும். சென்னை மாகாண அரசு வகுப்புவாரி உத்தரவின்படி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரி நான்கு, மொத்த இடம் 330. இந்த உத்தரவால் தனக்கு இடம் கிடைக்காது என்று அறிந்ததாகச் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். அவர் முறைப்படி விண்ணப்பித்ததாகவே பிரமாண பத்திரத்தில் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் குறித்துக்கொண்டது, ஆனாலும் 1951 ஏப்ரல் 9 அன்று உத்தரவு செல்லாது என்றது. தமிழகத்தில் கொந்தளிப்பு எழுந்தது. சில மாதங்களுக்குள் நாடாளுமன்றம் அரசியலமைப்புச் சட்டத்தில் முதல் திருத்தத்தைச் செய்து, பிற்பட்டோருக்குக் கல்வியில் தனி ஏற்பாடு செய்ய அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. இந்தியாவின் இட ஒதுக்கீட்டுச் சட்டத்தின் ஒரு மூலக்கல் சென்னையின் மருத்துவக் கல்லூரி இடங்களிலிருந்து எடுக்கப்பட்டது.

இடங்களைப் பெருக்குவதுதான் அடுத்த இருபது ஆண்டின் வேலை. மதுரையில் 1954-லும், அந்தப் பத்தாண்டின் முடிவில் தஞ்சாவூரிலும், 1960-களில் திருநெல்வேலி, செங்கல்பட்டு, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களிலும் அரசுக் கல்லூரிகள் வந்தன. தஞ்சாவூரில் பழைய பள்ளி மூடிப் பல ஆண்டு கழித்தே கல்லூரி வந்தது. புதிய பல்கலைக்கழகங்கள் தோன்றத் தோன்ற, மாகாணத்துக் கல்லூரிகள் வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் கீழ் பிரிந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தேர்வு நடத்தியது. 1987-ல் சட்டமன்றம் மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டம் இயற்றியது. அது 1988-ல் செயல்படத் தொடங்கி, இன்று டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் கிண்டியில் இருக்கிறது. 1857-ல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்திடமிருந்து மருத்துவத் தேர்வுகள் அதற்குப் போயின. எம்.பி.பி.எஸ். மட்டுமல்லாமல் சித்த மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி ஆகிய படிப்புகளுக்கும் அதுவே பட்டம் வழங்குகிறது. புண் கட்டிய டிரஸ்ஸரும், மிக்ஸ்சர் கலக்கிய கம்பவுண்டரும், பதிவேட்டில் இடம் கிடைக்காத சித்த வைத்தியரும் செய்த வேலைகள் ஒவ்வொன்றும் இப்போது நான்காண்டோ ஐந்தாண்டோ படித்துப் பல்கலைக்கழகத் தேர்வு எழுத வேண்டிய படிப்புகள்.